மேல்வீட்டுத் தூக்குவாளி

ஏழு மணிக்கு வாருங்கள் என்றால் ஏழு மணிக்கே வந்து வாசலில் நிற்பார்கள் என்று யார் கண்டது? ஏழு என்றால் எட்டரை, தட்டு வைக்கும்போது ஒன்பது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த கடிகாரம் இதுதான். அழைப்பு மணி அடித்தபோது அவள் நைட்டியும் ஈரக்கையுமாக அடுப்படியில் நின்றிருந்தாள். கூட்டுக்கு இன்னும் தாளிக்கவில்லை. புருஷன் பனியனோடு ஓடிப்போய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் வந்துட்டாங்க, கையில பூவெல்லாம் இருக்கு என்று கிசுகிசுத்தான்.

அவள் அவசரமாகக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். வந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர்தான் தன் குடியைக் கெடுக்கப் பார்க்கிற ஆள் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த விருந்தே. இல்லாவிட்டால், விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவள், வயிற்றில் ஐந்து மாதத்தைச் சுமந்துகொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களுக்கு வடித்துக் கொட்ட வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

விஷயம் இப்படி. மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டு ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரின் பாஷை அவளுக்கு இன்னும் கைவரவில்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார், கம்பி, கதவு என்றால் மணிமணியாகப் பேசுவான், மற்றதற்கெல்லாம் திருதிரு என்று விழிப்பான். போனில் படம் பிடித்தால் அதுவே தமிழில் சொல்லுமே என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். அதுல கன்னாபின்னான்னு வரும், நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன் என்று கடிதத்தை வாங்கிப் படித்துச் சொன்னாள். இந்த வீட்டுச் சமையல் வாடை பொறுக்க முடியவில்லை என்று கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவர் புகார் செய்திருக்கிறார். இன்னொரு புகார் வந்தால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டே மாதம்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு ஏழு முடிந்திருக்கும். இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் வேறொரு குடும்பத்தின் கூடத்தில், நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, நான்கு மாதம் இருந்தார்கள். குளிக்க முறை, துணி காயப்போட முறை, இருமுவதற்குக்கூட முறை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்தப் போர்வைக்குப் பின்னாலா? செத்தாலும் போகக் கூடாது என்று நினைத்தாள்.

இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததே மேல்வீட்டு அக்காதான். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, கிடங்கில் வேலை பார்க்கும் ஏழெட்டுத் தனிக்கட்டைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பிழைப்பை ஓட்டினாள். அது ஏஜென்சிக்குத் தெரியக் கூடாது. குடியிருக்கும் வீட்டில் அடுப்புத் தொழில் நடத்தினால் அன்றைக்கே வெளியே போகச் சொல்வார்கள். அந்த ரகசியம் இவளோடு புதைந்து கிடந்தது. அக்கா என்றால் அவளுக்கு அப்படி ஓர் ஒட்டுதல். காபி வாசனைக்கு இவள் முகம் சுளித்ததை வைத்தே, நாள் தள்ளிப்போயிருக்கா என்று புருஷனுக்கும் முன்னால் கேட்டவள் அவள்தான்.

மேல்வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி எட்டு மாதமாகப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுத் தூக்கு. அவள் குழம்பு ஊற்றி அனுப்புவாள். இவள் கழுவித் துடைத்து ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். பாத்திரத்தை வெறுமனே கொடுப்பது நம் வழக்கத்தில் உண்டா? ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரையாவது போடுவாள். ஒரு தடவைகூட அது காலியாகப் போனதில்லை.

புகார் கொடுத்தவன் யார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கீழ்வீட்டுக் கிழவன்தான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒண்டிக்கட்டை, படியில் எதிரே வந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார். அக்கா அவரை மூக்கன் என்றே சொல்வாள். வயதில் பெரியவரை அப்படிச் சொல்ல வாய் வராமல் இவள் மூக்கர் என்பாள். கேலியிலும் ஒரு மரியாதை. அவர் இல்லையென்றால் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற அந்தப் பெண் யாரைப் பார்த்தாலும் அளவெடுப்பது போலப் பார்ப்பாள். மூக்கும் கண்ணுமாக இரண்டு பேர் நம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் எப்படிம்மா பிழைக்கிறது என்று புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தாளிக்காமல் கொள்ளாமல், நோயாளி வீட்டுச் சமையல்தான் சமைத்தாள்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. கூப்பிட்டுச் சோறு போட்டால் என்ன? உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிறவன் எந்த ஊரிலும் இருக்க மாட்டான். உப்பு உள்ளே போனால் அடுத்த புகாரை எழுதக் கை வருமா? சாப்பிடும்போது எந்த முகம் சுளிக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். புருஷன் சரி என்றான். அக்காதான் ஒரேயடியாகக் குறுக்கே நின்றாள். இவங்களை உள்ள விட்டா வினையை விலைக்கு வாங்குற மாதிரிடி, இன்னும் நாலு குத்தம் கண்டுபிடிப்பாங்க என்றாள். இவள் கேட்கவில்லை. கடைசியில், சரி, நானும் வரேன், நீங்க ரெண்டு பேரும் ஏடாகூடமா எதையாவது பேசி வைப்பீங்க, பேச்சை நான் பாத்துக்கறேன் என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

இவள் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் அக்கா கேசரி நிறைந்த தூக்குவாளியோடு இறங்கி வந்துவிட்டாள். வந்த கையோடு மூக்கருக்கு ஒரு பக்கம் தான் உட்கார்ந்துகொண்டு, மறுபக்கம் இவள் புருஷனை உட்கார வைத்தாள். கண்ணாடிக்காரி எதிரில். நாற்காலி நாலுதான். இவள் பரிமாறுகிற சாக்கில் நின்றுகொண்டாள். நிற்கிறவளுக்குத்தான் எல்லா முகமும் தெரியும்.

மூக்கர் வந்ததிலிருந்தே சரியில்லை. பூவைக் கொடுத்தார், சிரித்தார், உட்கார்ந்ததும் மூக்கை உயர்த்தி நாலு பக்கமும் காற்றை இழுத்தார். கூரையைப் பார்த்தார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். சோற்றைக் குழம்போடு பிசையாமல், குழம்பை மட்டும் கரண்டியில் எடுத்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். பாத்தியா என்று அக்கா கண்ணாலேயே கேட்டாள். இவளும் பார்த்தேன் என்று கண்ணாலேயே சொன்னாள்.

கண்ணாடிக்காரி மாய்ந்து மாய்ந்து சாப்பிட்டாள். தட்டைக் காலியாக்கிவிட்டு நிமிர்ந்தால் இவள் மறுபடி சோறு வைத்துவிடுவாள். அதையும் முடித்தாள். மூன்றாவது தடவை வைத்தபோது அந்தப் பெண் கொஞ்சம் மிரண்டு போய் இவள் புருஷனைப் பார்த்தாள். மீதி வைத்தால்தான் விடுவோம் என்று அவன் சைகையால் விளக்கினான். அப்போதே அவள்மேல் இருந்த சந்தேகத்தில் பாதி போய்விட்டது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுகிறவள் மனசில் வஞ்சம் இருக்காது.

மூக்கர் பேசத் தொடங்கினார். இவளைப் பார்த்துத்தான் பேசினார். நீளமாக, கையை ஆட்டி, ஒரு தடவை கண்ணை மூடித் தூங்குவதுபோலச் சாய்ந்துகாட்டி, திடுக்கிட்டு எழுந்துகாட்டி, ஒரு நாடகமே நடத்தினார். முடித்துவிட்டு, சொல்லுங்கள் என்பதுபோல அக்காவைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லடி. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்காம்” என்றாள் அக்கா.

காரத்துக்கு எதற்கு இவ்வளவு பேச்சு? காரத்துக்குத் தூங்கிக்காட்டுவானேன்? இவளுக்கு மனசில் முள் தைத்தது. ஆனாலும் அக்கா பதினோரு வருடம் இருந்தவள், சுருக்கிச் சொல்லத் தெரிந்தவள் என்று தேற்றிக்கொண்டாள். மூக்கர் மறுபடியும் ஏதோ கேட்டார். அக்கா தலையை ஆட்டிச் சிரித்து, அவர் தட்டில் ஒரு கரண்டி கேசரி வைத்துப் பேச்சை அமுக்கினாள். குற்றவாளியின் வாயையே பேசாமல் அடைக்கிறாளே, சமர்த்துத்தான் என்றுகூட இவள் நினைத்தாள். பாவம்.

அப்பளம் இன்னும் பொரிக்கவில்லை. புகார்க்காரன் முன்னாலேயே எண்ணெய் காய்ச்சுவதா என்று தயங்கியவளுக்கு, வருவது வரட்டும் என்று ஒரு வீம்பு வந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் அப்பளம் எண்ணெயில் விழுந்து விரிந்த நேரத்தில் கூடத்தில் அக்காவின் போன் அடித்தது. கிடங்குப் பையன்களில் ஒருவன், நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறான். விருந்தாளிகள் காதில் விழக் கூடாது என்று அக்கா போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தால் மூக்கர் சமையலறை வாசலில் நிற்கிறார்.

அவள் கரண்டியோடு ஒதுங்கினாள். அவர் உள்ளேயே வந்துவிட்டார். அடுப்புக்கு மேலே குனிந்து மோந்து பார்த்தார். எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து மோந்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். பொரித்த அப்பளத்தைச் சுட்டிக்காட்டி, எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டு, ஒன்றை எடுத்து நொறுக்கென்று கடித்துச் சந்தோஷமாகத் தலையசைத்தார். இந்த வாடை இல்லை என்கிறாரா? வேறு எந்த வாடை?

அவர் கையாலேயே ஒரு மீனை வரைந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆறு என்று அந்த ஊர் பாஷையில் சொல்லி, ஆறு விரலைக் காட்டினார். காலை என்றார்.

எழுத்துத்தான் அவளுக்கு வராது. எண்கள் தண்ணிபட்ட பாடு. ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இருபது இருபதாகக் கட்டிச் சத்தம்போட்டு எண்ணுவதே அவள் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஊர் எண்களை ஒப்பிப்பாள். ஆறு மணிக்குக் கருவாடு வறுக்கிறாயா என்று கேட்கிறார். கருவாடா? இந்த வீட்டில் கருவாட்டுச் சட்டி ஏறியதே இல்லையே.

ஐந்து, என்றாள் அவள். தன்னைக் காட்டினாள். வேலை என்றாள். ஐந்து மணிக்கு நான் இங்கே இல்லை. புருஷன்? அவனும் ஐந்தரைக்குப் போய்விடுவான். ஐந்தரையையும் சொன்னாள்.

மூக்கர் புருவத்தைச் சுருக்கினார். தன் நெஞ்சைத் தொட்டு, எழுதுவதுபோலக் காட்டினார். புகார் எழுதினது நான்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார் மனுஷர். பிறகு மூன்று விரல். மூன்று வருடம். மூன்று வருடமாக எழுதுகிறேன்.

எட்டு மாதம், என்றாள் அவள். நாங்கள் வந்து எட்டு மாதம்.

அப்பளம் எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவைத்திருந்த கடிதத்தை அவள் உருவி அவரிடம் நீட்டினாள். அவர் படித்து இரண்டு இடத்தில் விரலை வைத்தார். ஒரு இடத்தில் ஆறு. ஒரு இடத்தில் மூன்று. அச்சடித்த எண்கள், பட்டப்பகல் போல. அக்கா வாசித்துச் சொன்னபோது இந்த இரண்டும் வரவே இல்லையே. மூன்று வாரமாக இந்தக் காகிதம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. எண்களையே விற்றுச் சாப்பிடுகிறவள் ஒரு தடவை பிரித்துப் பார்த்தாளா? நம் பாஷை பேசுகிற வாய் சொன்னது போதும் என்று இருந்துவிட்டாள்.

ஒவ்வொன்றாகத் தலை தூக்கியது. போன மாதம் அக்கா சொன்னாள், ஏஜென்சி ஆள் வந்தான், குழாயைப் பாத்துட்டுப் போனான் என்று. குழாயையா பார்க்க வந்தான்? வாடை எங்கிருந்து என்று கேட்டவனுக்கு இந்த வீட்டைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறாள். சாயங்காலம் எப்போது போனாலும் அக்கா வீட்டில் ஊதுபத்தி கொளுத்தியிருக்கும். பக்தி என்று நினைத்தாளே. டப்பா கட்டுகிறவள் கருவாட்டை எத்தனை மணிக்கு வறுப்பாள்? ஆறு மணிக்குத்தான் வறுப்பாள்.

பால்கனிக் கதவு திறந்தது. அக்காவின் சிரிப்புச் சத்தம் கூடத்துக்குள் வந்தது. மூக்கர் மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

அவர் கடிதத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, வருகிற திங்கட்கிழமையின் தேதியைச் சொன்னார். ஏஜென்சி என்றார். தன்னையும் கூடத்தில் இருந்த புருஷனையும் காட்டினார். நான் வந்து சொல்கிறேன் என்கிறார். முப்பது வருடம் விடியற்காலையின் முதல் பஸ்ஸை ஓட்டியவராம், நாலு மணிக்கே எழுந்து எழுந்து அலுத்தவராம். ஓய்வுக்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எட்டு மணி வரைக்கும் தூங்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசையாம். இதெல்லாம் பின்னால் புருஷன் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் கண்டது, கருகின அப்பளத்தையும் ஒன்று எடுத்துத் தின்றுகொண்டே போன ஒரு வயசான மனுஷரைத்தான்.

விருந்து எப்படி முடிந்தது என்று அவளுக்கு நினைவில்லை. கண்ணாடிக்காரி கட்டிப்பிடித்து விடைபெற்றாள். மூக்கர் ஒரு அப்பளக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். புருஷன் அவரைக் கீழே கொண்டுபோய் விடப் போனான். அக்கா மட்டும் தன் வீடுபோல முந்தானையைச் செருகிக்கொண்டு, தொட்டியில் கிடந்த தட்டுகளைத் தேய்க்க வந்தாள்.

“பாத்தியா? சமையக்கட்டுக்குள்ளயே பூந்துட்டான். அவனேதான்டி” என்றாள்.

இவள் தட்டைத் தேய்க்கிற அந்தக் கையையே பார்த்தாள்.  இந்தக் கைதானே முதல் மூன்று மாதம் வாந்தி எடுத்தபோது நெற்றியைப் பிடித்தது? இந்த ஊரில் அக்கா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? தூக்குவாளியில் மீதியிருந்த கேசரியை வேறு கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். புளிபோட்டுத் தேய்த்தாள். ஈரம் போகத் துடைத்தாள். கடிதத்தை நாலாக மடித்து உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். அக்கா செருப்பை மாட்டும்போது நீட்டினாள்.

அக்கா கையில் வாங்கி, லேசாக ஆட்டிப் பார்த்தாள். “என்னடி, கனமே இல்ல?”

“வெறுமனே குடுக்கலக்கா. உங்களுக்கு வந்ததைத்தான் உள்ள வச்சிருக்கேன்.”

அக்கா மூடியைத் திறந்தாள். மடிப்பைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. இவள் கையை அசைத்ததும் மறுபடி எரிந்தது. அப்போதும் அக்கா அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

“எனக்குப் போக வேற எடம் இல்லடி” என்றாள்.

“எனக்கு இருக்குன்னு நெனச்சீங்களாக்கா?”

அக்காவின் பார்வை இவள் வயிற்றுக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு படியேறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை இவள் வாசலிலேயே நின்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகக் கதவைத் திறந்தபோது காலில் ஏதோ இடறியது. தூக்குவாளி. உள்ளே ஒரு காகிதம். அக்காவின் கையெழுத்து, அந்த ஊர் பாஷையில், மேலே ஏஜென்சி பெயரும் கீழே கையொப்பமுமாக. ஏஜென்சிக்கு எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியவில்லை. கீழே இறங்கி மூக்கரை எழுப்பலாம் என்று பார்த்தால், மணி நாலே முக்கால். அந்த மனுஷருக்கு இருக்கிறதே அந்த ஒரே ஆசை. விளக்கடியில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு எண்களை மட்டும் தேடினாள். இந்தத் தடவை யார் வாயையும் நம்பத் தயாராக இல்லை. ஆறு இருந்தது. மூன்று இருந்தது. வீட்டு எண் என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தாள். பதினைந்து. அக்காவின் வீடு. இவர்களுடைய பன்னிரண்டு எங்கேயும் இல்லை.

காகிதத்தைப் புருஷனின் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, தூக்குவாளியை அலமாரியில் வைத்தாள். அடியில் ஒரு பிடி சர்க்கரை இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். இனி இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதைப் போட்டுக் கொடுப்பது என்று பஸ்ஸில் போகும்போதும், விரிப்புகளை எண்ணும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தாள். இருபதில் எத்தனையாவதில் விட்டோம் என்று இரண்டு தடவை மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.